பக்கவாதம் வந்தவரை ஊர் எப்படிப் பார்க்கிறது: அளக்கும் முறை பற்றி ஒரு பதில்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சமுதாய நலச் செவிலியர் மேற்படிப்பு மாணவி. குமரி மாவட்டத்தில் களியக்காவிளையை ஒட்டிய விளவங்கோடு பக்கத்துக் கிராமங்களிலும், கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை வட்டாரத்தில் தமிழ் பேசும் வீடுகளிலும் ஆய்வு செய்யப் போகிறார். பக்கவாதம் வந்தவர்கள் மீது பொதுமக்களுக்கு எவ்வளவு களங்கப் பார்வை, அதாவது நோயை வைத்து ஆளையே குறைத்து மதிக்கிற பார்வை, இருக்கிறது என்று அளக்க வேண்டும். 20 கூற்றுகளை எழுதி வைத்திருக்கிறார். “பக்கவாதம் வந்தவர்களை மதிப்போடு நடத்த வேண்டும்”, “அவர்களுக்கும் சம உரிமை உண்டு” என்ற மாதிரி. முழுதாக ஒப்புக்கொள்கிறேன் என்பதில் தொடங்கி 5 படிகள். முன்னோட்டமாக 30 பேரிடம் கேட்டதில் ஏறக்குறைய எல்லோரும் நல்லபடியாகவே சொல்லியிருக்கிறார்கள். “இங்கே களங்கப் பார்வை இல்லை என்று எழுதலாமா? எத்தனை பேரிடம் கேட்டால் போதும்?” என்பது அவருடைய கேள்வி.

அப்படி எழுத வேண்டாம். அந்த 30 பேரும் மனதில் பட்டதைத்தான் சொல்லியிருப்பார்கள். நம் பக்கத்தில் பக்கவாதம் வந்தவரை வெறுக்கிற ஆளைக் காண்பது அரிது. ஆனால் ஒதுக்குதல் நடக்கிறது, பரிதாபத்தோடு சேர்ந்தே நடக்கிறது. “பாவம், அவருக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்” என்று சொல்லிக்கொண்டே அவருடைய வேலையையும், சீட்டுக் கணக்கையும், கோவில் கமிட்டியிலோ சபைக் கமிட்டியிலோ இருந்த இடத்தையும், மகள் கல்யாணப் பேச்சில் அவர் சொல்லுக்கு இருந்த மரியாதையையும் ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறார்கள். உங்கள் 20 கூற்றுகளும் வெறுப்பைத் தேடுகின்றன. இல்லாததைத் தேடியதால் அகப்படவில்லை.

வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிற எனக்கு இது அன்றாடம் கண்ணில் படுகிறது. மார்த்தாண்டம் பக்கம் ஒரு சாயாக்கடை. இடது கை இன்னும் முழுதாக வராத, பேச்சு லேசாகக் குழறுகிற ஒருவர் மனைவியோடு வந்து உட்கார்ந்தார். கடைக்காரர் ஓடி வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார், ஃபேனைத் திருப்பிவிட்டார். பிறகு மனைவியைப் பார்த்து, “அண்ணனுக்குச் சீனி போடலாமா?” என்று கேட்டார். அண்ணன் எதிரில்தான் இருக்கிறார். “போடு” என்று அவரே சொன்னார். கடைக்காரர் மறுபடியும் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து, அவர் தலையசைத்த பிறகுதான் சீனியை எடுத்தார். கடைசியில் காசும் வாங்கவில்லை. அந்தக் கடைக்காரரிடம் உங்கள் தாளைக் கொடுத்தால் 20-க்கும் முழு மதிப்பெண் எடுப்பார். அன்பான மனிதர், அதில் சந்தேகமே இல்லை. எதிரில் இருப்பவர் தனக்கு வேண்டியதைத் தானே சொல்லக்கூடிய ஆள் என்பது மட்டும் அவர் கணக்கிலிருந்து நழுவிவிட்டது.

இதற்குச் சமூக உளவியலில் நல்ல அடித்தளம் இருக்கிறது. சூசன் ஃபிஸ்க், ஏமி கடி, பீட்டர் கிளிக் முதலியோர் 2002-ல் வெளியிட்ட ஆய்வு, ஒரு கூட்டத்தாரைப் பற்றிய எண்ணத்தை இரண்டு கோணத்தில் பிரித்துப் பார்த்தது. இவர்கள் நல்லவர்களா என்பது ஒன்று, திறமையுள்ளவர்களா என்பது இன்னொன்று. முதியோரும் ஊனமுற்றோரும் முதலாவதில் மேலேயும் இரண்டாவதில் கீழேயும் வந்தார்கள். அந்த இடத்துக்குரிய உணர்ச்சி பரிதாபம். அதே குழு 2007-ல் இன்னும் ஒரு படி போய், பரிதாபப்படுகிறவர்கள் உதவவும் செய்கிறார்கள், கண்டுகொள்ளாமல் ஒதுக்கவும் செய்கிறார்கள், இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கிறது என்று காட்டியது. நாற்காலியைத் துடைத்ததும் மனைவியிடம் கேட்டதும் ஒரே மனதிலிருந்து வந்ததை இது நன்றாக விளக்குகிறது. ஆகவே உங்கள் அளவுகோலில் அன்பு, திறமை பற்றிய மதிப்பீடு இரண்டும் தனித்தனியாக வர வேண்டும். இரண்டையும் கூட்டினால் ஒன்று மற்றதை மறைத்துவிடும்.

சரி, எதைக் கேட்பது? கருத்தைக் கேட்காதீர்கள், முடிவைக் கேளுங்கள். எமரி போகார்டஸ் 1925-ல் சமூக இடைவெளியை அளந்தது இப்படித்தான். பிடிக்குமா என்று கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரராக, உடன் வேலை செய்பவராக, சம்பந்தியாக ஏற்பீர்களா என்று படிப்படியாகக் கேட்டார். நீங்கள் அதை நம் ஊர் வாழ்க்கைக்குக் கொண்டுவர வேண்டும். உங்கள் வீட்டுக் கடைமுறியை (கடை அறையை) அவருக்கு வாடகைக்குக் கொடுப்பீர்களா? சீட்டுப் பணத்தை அவர் பொறுப்பில் விடுவீர்களா? பத்திரத்தில் சாட்சியாக அவரிடம் கையெழுத்து வாங்குவீர்களா? கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்து இலை காலியாக இருந்தால் உட்காருவீர்களா? அவர் மகளை உங்கள் வீட்டுப் பையனுக்குப் பேசி வந்தால் என்ன சொல்வீர்கள்? எர்விங் காஃப்மன் 1963-லேயே சொன்னதுபோல, களங்கம் நோயாளியோடு நிற்காமல் வீட்டாருக்கும் ஒட்டிக்கொள்வதைப் பிடிப்பது அந்தக் கடைசிக் கேள்வி. அதை விட்டுவிடாதீர்கள்.

விடைகளையும் ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்ளவில்லை என்று வைக்க வேண்டாம். வீட்டுக்கு வந்த செவிலியப் பெண் கேட்கிறாரே என்று எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. செய்யப்போகிற காரியத்தையே விடையாகக் கொடுங்கள். சீட்டுப் பணக் கேள்விக்கு நான் வைக்கிற நான்கு விடைகள்: “தயங்காமல் கொடுப்பேன்”, “கொஞ்சம் யோசித்துக் கொடுப்பேன்”, “அவர் வீட்டில் வேறு யாராவது பொறுப்பேற்றால் கொடுப்பேன்”, “கொடுக்க மாட்டேன்”. மூன்றாவது விடைதான் முக்கியம். நல்ல மனதோடு ஒருவரை ஓரம்கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் அங்கே வந்து நிற்பார்கள். முன்னோட்டத்தில் அந்த விடைக்கு எத்தனை பேர் கை காட்டுகிறார்கள் என்பதைப் பார்த்தாலே, கேள்வி வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் வரும், உங்கள் வழிகாட்டியே கேட்கக்கூடும். “கை வராதவருக்குப் பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டக் கொடுக்காதது களங்கமா? அது சாதாரண விவேகம்தானே?” உண்மைதான். அதனால்தான் பக்கவாதம் வந்தவர் என்று பொதுவாகச் சொல்லிக் கேட்கக் கூடாது. கேட்பவர் மனதில் படுக்கையில் கிடக்கிற ஆள் வருவார், இன்னொருவர் மனதில் நடந்து திரிகிற ஆள் வருவார். ஒரு சின்னக் கதையைப் படித்துக் காட்டி, அந்த மனிதரால் என்ன முடியும் என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். இப்படி:

“அவருக்கு 52 வயது. ரப்பர் தோட்டத்தில் தினமும் 300 மரம் வெட்டிக்கொண்டிருந்தார். போன வருஷம் பக்கவாதம் வந்தது. இப்போது பேச்சு தெளிவாக இருக்கிறது, கைப்பிடி திரும்பிவிட்டது, நடக்கும்போது இடது கால் லேசாக இழுக்கிறது. முன்பு வெட்டின அளவு மரத்தை வெட்டலாம் என்று டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார்.”

இதைக் கேட்டபிறகும் மரத்தைத் திருப்பிக் கொடுக்க மறுத்தால், அதை விவேகம் என்று சொல்லிச் சமாளிக்க முடியாது. பெண்ணுக்கு ஒரு கதை வேண்டும். அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) பருப்பு தோலுரிக்கிற வேலை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. பெண்ணுக்குப் பக்கவாதம் வந்தால் சமையல், பிள்ளை வளர்ப்பு, வீட்டில் அவருடைய அதிகாரம் ஆகியவற்றில்தான் முதலில் கை வைப்பார்கள், ஆகவே அந்தக் கேள்விகளும் சேர வேண்டும்.

இதைவிடவும் நான் வலியுறுத்துவது ஒப்பீட்டுக் கதை. அதே 52 வயது, அதே மரம், அதே இழுக்கிற கால். பக்கவாதத்துக்குப் பதிலாக பைக் விபத்தில் கால் முறிந்தது. வீடுகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு முதல் கதை, பாதிப் பேருக்கு இரண்டாவது கதை. ஒரு ஆளுக்கு ஒரு கதைதான். இரண்டையும் காட்டினால் என்ன சோதிக்கிறீர்கள் என்பது அவருக்குப் புரிந்து, இரண்டுக்கும் ஒரே விடையைச் சொல்லிவிடுவார். இரண்டு கூட்டத்துக்கும் இடையில் வருகிற வித்தியாசம்தான் பக்கவாதம் என்ற ஒன்றுக்காக மட்டும் ஊர் விதிக்கிற தண்டனை. தனியாக எடுத்த ஒரு மதிப்பெண், 40 என்றாலும் 60 என்றாலும், எதையும் சொல்லாது.

நேரமும் ஆளும் இருந்தால் கதையில் காரணத்தையும் மாற்றிப் பார்க்கலாம். பிரஷர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் வந்தது, பாதியில் நிறுத்தியதால் வந்தது, குடியால் வந்தது என்று மூன்று விதம். பெர்னார்ட் வைனரின் கோட்பாட்டின்படி, தன் கையில் இருந்ததைத் தவறவிட்டார் என்று தோன்றினால் கோபம் வரும், தன் கையை மீறி வந்தது என்றால் பரிதாபம் வரும், உதவும் மனம் அதைப் பொறுத்து மாறும். செய்வினை, கடவுள் தண்டனை என்கிற நம்பிக்கையும் இந்தப் பகுதியில்தான் சேரும். ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வர்ம வைத்தியம் செய்கிற ஆசானிடம் போவதோ, எண்ணெய் போட்டுத் தடவினால் சரியாகும் என்று நம்புவதோ களங்கப் பார்வை ஆகாது. அது மருத்துவம் பற்றிய நம்பிக்கை. முதல் நாலரை மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுகிற வாய்ப்பு அதனால் தவறிப்போகும் என்பது பெரிய கவலைதான். அதைத் தனியாக அளந்து பாருங்கள். நான் பார்த்த சில கேள்வித்தாள்களில் இரண்டும் ஒரே கூட்டுத்தொகையில் கலந்திருந்தன. ஆசானை நம்புகிற அருமையான மனிதர்களெல்லாம் களங்கப் பார்வை உள்ளவர்கள் பட்டியலில் ஏறிவிடுகிறார்கள்.

உங்கள் கூற்றுகளில் சில, நாள்பட்ட நோயுள்ளவர்களிடம் அவர்களுடைய அனுபவத்தைக் கேட்கும் 24 கேள்விகள் கொண்ட அளவுகோலிலிருந்து எடுத்ததுபோலத் தெரிகிறது. 2009-ல் வெளிவந்தது, நல்ல கருவி. ஆனால் அது நோயாளி உணர்கிற களங்கத்துக்கானது. “என் நோயால் சிலர் என்னைத் தவிர்த்தார்கள்” என்பதை “நான் தவிர்ப்பேன்” என்று திருப்பி எழுதினால் பொதுமக்களுக்கான கருவி ஆகிவிடாது. பொதுமக்களுக்கு என்று பார்த்தால், மிட்செல் வைஸும் உடன் பணியாற்றியவர்களும் மும்பையில் தொழுநோயாளிகளிடையே செய்த ஆய்விலிருந்து 1992-ல் வெளியான நேர்காணல் முறை நமக்கு நெருக்கமானது. அதன் சமுதாயப் பதிப்பில் 15 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். அது “நீங்கள் என்ன செய்வீர்கள்” என்று கேட்காமல் “உங்கள் ஊரில் மற்றவர்கள் என்ன செய்வார்கள்” என்று கேட்கிறது. தன்னைப் பற்றிக் கேட்டால் கூச்சப்படுகிறவர்கள் ஊரைப் பற்றிக் கேட்டால் மனம் திறப்பார்கள். நான்கைந்து கேள்விகளை இப்படி வையுங்கள். ஆனால் அதில் வருவது ஊர் வழக்கத்தைப் பற்றி அவர் வைத்திருக்கிற எண்ணம். அதை அவருடைய சொந்த மனநிலை என்று எழுதாமல் தனி வரிசையில் காட்டுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் பக்கவாதம் வந்தவர்களிடமும் அவர்கள் வீட்டாரிடமும் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். 15, 20 பேரிடம் பேசினாலே, நானோ நீங்களோ யோசித்து எழுத முடியாத கேள்விகள் கிடைக்கும். ஆட்களைக் கண்டுபிடிக்க, தமிழ்நாட்டுப் பக்கம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர்களும், கேரளப் பக்கம் ஆஷா பணியாளர்களும் படுக்கை நோயாளிகளை வீட்டில் வந்து பார்க்கிற ஊராட்சியின் பாலியேட்டிவ் நர்ஸும் உதவுவார்கள். ஆனால் அந்தப் பட்டியல்களோடு நின்றுவிடாதீர்கள். அவற்றில் அதிகம் இருப்பது படுக்கையோடு இருப்பவர்கள். சந்தைக்கும் பஸ்ஸுக்கும் கல்யாண வீட்டுக்கும் போய் வந்து, ஊரின் பார்வையை நேருக்கு நேர் வாங்குகிறவர்கள் அதில் விடுபட்டிருப்பார்கள். திருவனந்தபுரம் பக்கவாதப் பதிவேட்டின் ஆய்வு 2009-ல் வெளியானது. ஆண்டுக்கு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 135 புதிய பக்கவாதம் என்று அது சொன்னது. அந்தக் கணக்கில் 30,000 பேர் வாழும் ஓர் ஊராட்சியில் வருஷத்துக்குச் சுமார் 40 பேர். சாயாக்கடையிலும் பால் சொசைட்டியிலும் விசாரித்தாலே ஆள் கிடைக்கும்.

பேச்சு போனவர்களை விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, மூளையில் மொழிக்கான பகுதி பாதிக்கப்பட்டு, பேசுவதோ புரிந்துகொள்வதோ சிரமமாகிறது. அறிவு போய்விட்டது என்று ஊர் முடிவு கட்டுவது இவர்களைப் பற்றித்தான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைப் பேச்சு, மொழி சார்ந்த ஊனமாக ஏற்றிருக்கிறது. ஆனாலும் நேர்காணல் கடினம் என்று சொல்லி ஆய்வுகள் இவர்களைத்தான் முதலில் ஒதுக்குகின்றன. படங்கள், ஆம்–இல்லை அட்டை, கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். மனைவியிடமோ மகனிடமோ கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் அந்தச் சாயாக்கடையில் நடந்ததே உங்கள் ஆய்விலும் நடக்கும்.

எல்லையின் இரு பக்கமும் ஒரே தாளைப் பயன்படுத்துவதில் உள்ள சிக்கலைப் பார்ப்போம். கன்னியாகுமரி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 92 சதவீதத்தை ஒட்டி இருந்தது, தாளைக் கையில் கொடுத்தால் படித்துவிடுவார்கள். பாறசாலைப் பக்கம் வீட்டில் தமிழ் பேசுகிற பலர் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்வார்கள், வாசிக்கத் திணறுவார்கள். ஒரு பக்கத்தில் தானே படித்து நிரப்பியதையும் மறுபக்கத்தில் நீங்கள் படித்துக்காட்டி வாங்கியதையும் ஒப்பிட முடியாது, ஏனென்றால் ஆள் எதிரில் இருக்கும்போது விடை நல்ல பக்கம் சாயும். இரண்டு பக்கமும் போனில் பதிவு செய்த குரலை இயர்போனில் கேட்கவைத்து, படம் போட்ட விடைத்தாளில் அவர்களே குறியிட்டு, உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்கட்டும். குரல் விளவங்கோட்டுப் பேச்சில் இருக்கட்டும், மதுரைத் தமிழோ செய்தி வாசிக்கிற தமிழோ வேண்டாம். நீங்களும் அன்றைக்கு நர்ஸ் உடுப்பில் போகாதீர்கள். முதல் பத்துப் பதினைந்து பேரிடம் ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும், “இதை நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க?” என்று கேட்டு எழுதி வாருங்கள். கேள்வித்தாளைச் செப்பனிட இதற்கு ஈடான வழி வேறு இல்லை.

சொல்வதும் செய்வதும் வேறாக இருக்கலாம் என்பதற்குப் பழைய சான்று உண்டு. ரிச்சர்ட் லாபியர் சீனத் தம்பதி ஒருவரோடு அமெரிக்கா முழுக்கப் பயணம் செய்து 1934-ல் எழுதினார். 251 விடுதிகள், உணவகங்களில் ஒரே ஓர் இடத்தில்தான் மறுத்தார்கள். பின்பு கடிதம் எழுதிக் கேட்டபோது, பதில் அனுப்பியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் சீனர்களை ஏற்க மாட்டோம் என்றார்கள். அங்கே சொல் கடுமை, செயல் மென்மை. நம்மிடம் தலைகீழாக இருக்கும் என்பது என் கணிப்பு. ஆகவே சிறிய அளவில் ஒரு நேரடிப் பார்வையையும் சேருங்கள். பக்கவாதம் வந்த சிலர் சம்மதித்தால், அவர்கள் துணையோடு ரேஷன் கடைக்கோ வங்கிக்கோ மருந்துக் கடைக்கோ போகும்போது கூடப் போய், கவுன்டரில் இருப்பவர் முதல் கேள்வியை யாரிடம் கேட்டார், அவர் சொன்ன பதிலைத் துணையிடம் சரிபார்த்தாரா என்று இரண்டே இரண்டு குறிப்பு. கடையின் பெயரோ ஆளின் பெயரோ எழுத வேண்டாம். நெறிமுறைக் குழுவின் அனுமதியில் இதையும் முதலிலேயே சேர்த்து வாங்கிவிடுங்கள்.

எத்தனை பேர் என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டு கதைகளுக்கு இடையே அரைத் திட்டவிலக்கம் (விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) அளவு வித்தியாசத்தைப் பிடிக்க, வழக்கமான 5 சதவீத முக்கியத்துவ அளவிலும் 80 சதவீதத் திறனிலும் (வித்தியாசம் உண்மையில் இருந்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பு), ஒரு கதைக்கு 64 பேர் வேண்டும். ஒரே தெருவில் 10 வீடுகள் என்று எடுத்தால் பதில்கள் ஒன்றுபோல இருக்கும். அந்த ஒற்றுமை 0.05 என்று வைத்துக்கொண்டால் 1.45-ஆல் (1 + 9 × 0.05) பெருக்க வேண்டும், 93 பேர். இரண்டு கதை, எல்லையின் இரண்டு பக்கம் என்றால் 372. வித்தியாசம் அதைவிடச் சிறியது, 0.3 திட்டவிலக்கம்தான் என்று நினைத்தால், பெருக்கலுக்கு முன்பே ஒரு கதைக்கு 175 பேர் ஆகிவிடும். ஒற்றை மாணவியால் முடிகிற வேலை முதலாவதுதான்.

கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரோன்பாக் ஆல்ஃபா 0.7-ஐத் தாண்டிவிட்டால் கருவி சரி என்று நினைக்க வேண்டாம். ஒரே கேள்வியை வார்த்தை மாற்றி ஏழு தடவை கேட்டாலும் ஆல்ஃபா உயரும். இரண்டு வாரம் கழித்து 40, 50 பேரிடம் மறுபடி கேட்டு, விடை நிலைக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் பக்கவாதம் வந்தவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்குக் களங்கப் பார்வை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்து அதையே சோதனையாக வைக்காதீர்கள். பழக்கம் வெறுப்பைக் குறைக்கும் என்று 1954-ல் எழுதிய கார்டன் ஆல்போர்ட், சரிசமமான பழக்கம் என்றே நிபந்தனை வைத்தார். படுக்கையில் இருப்பவருக்குக் கஞ்சி ஊட்டி, துணி மாற்றிக் களைத்துப்போன மருமகளின் பழக்கம் அப்படிப்பட்டதில்லை. அவருக்கு அன்பும் இருக்கும், இவரால் இனி ஒன்றும் ஆகாது என்ற முடிவும் இருக்கும். பக்கவாதத்துக்குப் பிறகு திரும்பி வந்து கடை நடத்துகிறவரோடு வேலை செய்தவர்களை ஒரு கூட்டமாகவும், வீட்டில் பராமரித்தவர்களை இன்னொரு கூட்டமாகவும் பிரித்துப் பாருங்கள்.

உங்கள் பழைய 20 கூற்றுகளில் 18-ஐ விட்டுவிடலாம். மதிப்போடு நடத்த வேண்டும் என்பதையும் சம உரிமை என்பதையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தாளின் கடைசியில், கதைக் கேள்விகள் எல்லாம் முடிந்த பிறகு. முதலில் வைத்தால் மற்ற விடைகளையும் அவை நல்ல பக்கம் இழுத்துவிடும். பிறகு ஓர் அட்டவணை போடுங்கள். குறுக்கே அந்த இரண்டு கூற்றுகளுக்கும் முழுதாக ஒப்புக்கொண்டவர்கள், ஒப்புக்கொள்ளாதவர்கள். நெடுக்கே சீட்டுப் பணம், மரம் வெட்டு, சம்பந்தம் மூன்றிலும் அவர்கள் எடுத்த முடிவு. முழுதாக ஒப்புக்கொண்டவர்களில் எத்தனை பேர் “வேறு யாராவது பொறுப்பேற்றால்” என்ற கட்டத்தில் விழுகிறார்கள் என்பதை இரண்டு கதைகளுக்கும் தனித்தனியாகக் காட்டுங்கள். முடிவுகள் அத்தியாயத்தில் அதுவே முதல் அட்டவணையாக இருக்கட்டும்.